மனசுக்குப் பிடிச்சவரா, ஜெயிக்கிறவரா? பிரைமரியில நீங்க எப்படிப் போட்டீங்க?

பாஸ்டன் பக்கத்திலிருந்து:

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நான் ஓட்டுப் போட்ட முதல் பிரசிடென்ட் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற ஓட்டு, 2020 மார்ச் 3. சூப்பர் ட்யூஸ்டே, ஒரே நாள்ல 14 மாநிலம். டெமாக்ரடிக் கட்சியில போட்டி போட்டவங்கள்ல எனக்கு எங்க மாநில செனட்டர் எலிசபெத் வாரன்தான்னு ஒரு வருஷமா முடிவு. திவால் சட்டம், கடன் வட்டின்னு அவங்க பேசினா கணக்கு டீச்சர் போர்டுல போட்டுக் காட்டுற மாதிரி இருக்கும். வாசல்ல அவங்க பேர் போட்ட போர்டுகூட நட்டு வெச்சிருந்தேன்.

முந்தின சனிக்கிழமை தென் கரோலினாவில ஜோ பைடன் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சார். ஞாயிறு இன்னொரு போட்டியாளர் பூட்டிஜெஜ் விலகினார். திங்கள் க்ளோபுச்சரும் விலகி பைடன் மேடையிலேயே ஏறிட்டாங்க. மூணே நாள்ல ஆட்டம் மாறிப்போச்சு.

அன்னிக்கு ராத்திரி சாம்பார் ஆறிப்போற வரைக்கும் வீட்டுல வாக்குவாதம். "டிரம்ப் தோக்கணும்னா பைடன்தான். உன் ஓட்டு வீணாப் போயிடும்"னார் வீட்டுக்காரர். "உங்களுக்கு யாரைங்க பிடிக்கும்?" "வாரனைத்தான்." "அப்புறம் என்ன?" "மத்தவங்க ஒரு பொம்பளைக்குப் போட மாட்டாங்களே."

அந்த 'மத்தவங்க' யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஆபீஸ்ல நாலு பேர் இதையே சொன்னாங்க. நாலு பேருக்குமே வாரனைப் பிடிக்கும்!

மறுநாள் காலையில ஸ்கூல் ஜிம்ல வரிசை. நான் எந்தக் கட்சியிலயும் பதிவு பண்ணலை. மாசசூசெட்ஸ்ல அப்படி இருக்கறவங்க எந்தக் கட்சிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம். சீட்டுல விலகினவங்க பேரெல்லாம் அப்படியே இருக்கு. பேனா பைடன் பேர் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னது உண்மை. கடைசியில வாரன் வட்டத்தை அடிச்சுக் கறுப்பாக்கிட்டு வந்தேன். சொந்த மாநிலத்துலயே மூணாவது இடம் அவங்களுக்கு. ஜெயிச்சது பைடன்.

உங்க கதையைச் சொல்லுங்க. கட்சிச் சண்டை வேண்டாம், அந்த மறைப்புக்குள்ள போய் நின்னப்போ என்ன நடந்துச்சுன்னு மட்டும்.

அயோவாவிலிருந்து:

மறைப்பா? எங்க ஊர்ல அப்போ அது கிடையாது அக்கா. 2020 பிப்ரவரி 3 ராத்திரி, ஸ்கூல் சாப்பாட்டு ஹால்ல எங்க காக்கஸ், அதாவது பிரைமரிக்குப் பதிலா ஊர்க்காரங்க கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற கூட்டம். யாருக்கு ஆதரவோ அவங்க மூலையில போய் எல்லாரும் பார்க்க நிக்கணும்னு அப்போ முறை. நான் இன்னொரு போட்டியாளர் ஆண்ட்ரூ யாங் மூலை. ஹால்ல மொத்தம் 212 பேர். 15% ஆள் இருந்தாத்தான் அந்த மூலை கணக்குல வரும், அதாவது 32. நாங்க 19!

கணக்குல வராத மூலைக்காரங்க வேற இடத்துக்கு மாறலாம். அந்தப் பதினஞ்சு நிமிஷம் எங்க 19 பேருக்குக் கிடைச்ச மரியாதை இருக்கே, மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூடக் கிடைக்காது. க்ளோபுச்சர் மூலையில 24 பேர், எட்டு பேர் குறையுது. எங்க தெருவுல இருக்கற ரிட்டயர்டு டீச்சரம்மா குக்கி டப்பாவோட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஒவ்வொரு பனிக்கும் உங்க வாசலை யாரு வழிச்சு விடறா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரர்தான் வழிப்பார். போனேன்.

கொள்கையை விட்டேனான்னு கேட்டா, முதல் ரவுண்ட்ல யாங்குக்குத்தானே நின்னேன். ரெண்டாவது ரவுண்ட்ல கைக்கு எட்டினதை எடுத்துக்கிட்டேன். எனக்கு இதுல வருத்தமே இல்லை. அடம் பிடிச்சு அங்கேயே நின்னிருந்தா வீட்டுக்குப் போய் தோசை வார்த்திருக்கலாம், அவ்வளவுதான். என்ன, அன்னிக்கு ரிசல்ட் அனுப்பற ஆப் சொதப்பி, முடிவு வரவே நாள் கணக்காச்சு.

கலிபோர்னியாவிலிருந்து:

என் கதை ரெண்டு வரி. தபால் ஓட்டு வீட்டுக்கே வந்துச்சு. சுறுசுறுப்பா பிப்ரவரியிலயே பூட்டிஜெஜுக்குப் போட்டு அனுப்பிட்டேன். ஓட்டு எண்ணறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் விலகிட்டார். அனுப்பினதைத் திரும்ப வாங்கி மாத்திப் போட முடியாது. கல்யாணம் நின்னுபோன வீட்டுக்கு மொய் அனுப்பின மாதிரி ஆச்சு. இப்பல்லாம் சீட்டு வந்தாலும் கடைசி வாரம் வரைக்கும் ஃப்ரிட்ஜ் மேலதான் கிடக்கும்.

நியூயார்க் குயின்ஸிலிருந்து:

நீங்கல்லாம் ஒரு பேரோட மல்லுக்கட்டினீங்க. எங்களுக்கு அஞ்சு பேர் வரைக்கும் வரிசைப்படுத்தலாம்னு வழி இருந்தும் நான் கோட்டை விட்டேன்.

2021 ஜூன் 22, மேயர் பதவிக்கு டெமாக்ரடிக் பிரைமரி. முதல் இடத்துல இருக்கறவர் கழிஞ்சா அந்த ஓட்டு நாம குறிச்ச அடுத்த ஆளுக்குப் போகும். என் பையன் தட்டு, டம்ளர் எல்லாம் வெச்சுப் புரிய வெச்சான். நான் மாயா வைலி பேரை மட்டும் குறிச்சேன். ரெண்டாவதா ஒருத்தரை எழுதினா முதல் ஆளுக்குத் துரோகம்னு ஒரு நினைப்பு. தலைவருக்குன்னா உயிரையே கொடுப்பேன்னு சொல்ற ஊர்ல வளர்ந்த ரத்தம், வேற என்ன!

கடைசிச் சுத்துக்கு முன்னாடி வைலி கழிஞ்சாங்க. மிச்சம் எரிக் ஆடம்ஸ், கேத்ரின் கார்சியா. அங்க என் சீட்டுக்கு வேலையே இல்லை, ஓரமா ஒதுக்கிட்டாங்க. என்னை மாதிரி ஒதுங்கின சீட்டே ஒரு லட்சத்துக்கு மேல. ஆடம்ஸ் ஜெயிச்சது 7,197 ஓட்டுல. எனக்குக் கார்சியா வந்திருந்தா சந்தோஷம்தான். குறிக்கலையே! 2025-ல அஞ்சு இடத்தையும் நிரப்பிட்டு, வரிசை சரியான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் மெஷினுக்குள்ள விட்டேன்.

பாஸ்டன் அக்கா, உங்க வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார்னு சொல்லவே இல்லையே?

பாஸ்டன் பக்கத்திலிருந்து:

பைடனுக்குத்தான், சொன்னபடியே. நவம்பர்ல நானும் பைடனுக்குத்தான் போட்டேன், அதுல வீட்டுல சண்டை இல்லை.

வாரன் விலகினது அந்த வியாழக்கிழமை. சாயங்காலம் வாசல் போர்டைப் பிடுங்கலாம்னு போனேன், காணோம். காத்துல போயிருக்கும்னு விட்டுட்டேன். ஏப்ரல்ல கராஜைச் சுத்தம் பண்றப்போ பனி வழிக்கிற மண்வெட்டிக்குப் பின்னால இருந்துச்சு. மண்ணெல்லாம் துடைச்சு, ஒரு பழைய வேட்டியில சுத்தி வெச்சிருந்தார்.