புதுப்பிப்பு: பளபளப்பான தகட்டில் கேமராவுக்குக் கீறல் தெரியாத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பாலிஷ் போட்ட ஸ்டீல் தகடுகளைச் சோதிக்கும் எங்கள் கேமரா, கீறலை விட்டுவிட்டுப் பளபளப்பைக் குறை என்று கழித்துக்கொண்டிருந்தது.

விளக்கைக் கீழே இறக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மேலிருந்த வளைய விளக்கைக் கழற்றி, தகட்டின் மட்டத்திலிருந்து 15 டிகிரி சாய்வில் ஒளி விழும்படி வைத்தோம். சமதளத்தில் பட்ட ஒளி கேமராவுக்கு வராமல் எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடுகிறது. கீறல் மட்டும் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக எழுகிறது. பார்க்கவே அவ்வளவு நிம்மதி! மென்பொருளைத் தொடவே இல்லை. லென்ஸில் மட்டும் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) மாட்டியதில் பலனில்லை. உலோகப் பளபளப்பை அது அடக்காது.

எதிர்பாராதது ஒன்று: இந்த ஒளியில் தூசியும் கீறல் போலவே மின்னுகிறது. அப்புறம் தகடு கேமராவுக்கு வரும் முன்பே தூசியை ஊதித் தள்ளக் காற்றடிக்கும் குழாய் வைத்தோம், சரியாகிவிட்டது. எண்ணெய்ப் படலம் இருந்தால் காற்று போதாது, துடைத்தே அனுப்ப வேண்டும்.