லிஃப்ட், படிக்கட்டு மாதிரி குறுகலான இடத்தில் ஐகிடோ: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயில்பவர்களிடமும் சொல்லித் தருபவர்களிடமும் ஓர் உதவி வேண்டும். லிஃப்ட், ஒடுங்கிய படிக்கட்டு, பேருந்து இருக்கைகளுக்கு நடுவிலுள்ள வழி போன்ற இடங்களில் நம் உத்திகளை எப்படி மாற்றிக்கொள்வது?

டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், விசாலமாகப் பழகுகிறோம். தென்கான் என்ற திரும்பும் அடியைப் போட்டுச் சுழலவும், ஷிஹோனாகே என்ற வீழ்த்தும் உத்தியில் எதிராளியைச் சாய்க்கவும் தாராளமாக இடம் இருக்கிறது. லிஃப்டுக்குள் அதே அடியை வைத்தால் நம் தோளே சுவரில் முட்டும். விழுகிறவர் உருளவும் வழியில்லை. பின்மண்டை கைப்பிடிக் கம்பியில் அடிபட்டால் என்ன ஆகும்? தப்பிக்கச் செய்தது ஓர் உயிருக்கே ஆபத்தாகிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

இரிமி, அதாவது விலகாமல் எதிராளியின் பக்கவாட்டில் நுழைவது, இங்கே அதிகம் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். சான்கியோவும் அப்படித்தான்: மணிக்கட்டை முறுக்கி முழங்கையை மேலே ஏற்றிவிட்டால், ஆளை ஒட்டி நின்றே கட்டுப்படுத்தலாம். மண்டியிட்டுச் செய்யும் சுவாரி வாசா, கால் நகர்த்த முடியாதபோது இடுப்பால் வேலை செய்யப் பழக்குகிறது. சரி, ஆனால் இதெல்லாம் பதற்றத்தில் வருமா?

சுவரை ஒட்டி நின்று பயிற்சி செய்பவர்கள் இருக்கிறீர்களா? ஒருவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினால் உங்கள் முதல் அசைவு என்ன? அப்புறம், கதவுப் பக்கம் நாம் வரும்படி இடம் மாறுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை எந்த உத்தியிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.