குடும்பக் குழுவில் ‘ஆஸ்கிங் ஃபார் டிரபுள்’

நித்யா: பெரியப்பா, நாளை மறுநாள் எனக்கு ஆங்கிலத் தேர்வு. ‘ஆஸ்கிங் ஃபார் டிரபுள்’ என்று வேண்டுமென்றே சண்டைக்குப் போகிறவரைத்தான் சொல்கிறார்களா?

பெரியப்பா: இல்லையம்மா. சண்டைக்கென்றே அலைபவரைச் சொல்ல ‘லுக்கிங் ஃபார் டிரபுள்’ இருக்கிறது. இங்கே அந்த ஆளுக்குச் சண்டை போடும் எண்ணமே இருக்காது. ஆனால் அவர் செய்கிற காரியம் எங்கே போய் முடியும் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். வம்பை விலைக்கு வாங்குகிறார் என்கிறோமே, அதேதான். நம் வேலூர்க் கோட்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த கிராடாக், சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்றெல்லாம் விதித்தார். 1806 மே மாதத்திலேயே இங்கிருந்த சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்ததே தவிர, ஆணை மாறவில்லை. ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கிராடாக் செய்ததுதான் ‘ஆஸ்கிங் ஃபார் டிரபுள்’.

சித்தி: அப்படியானால் இரவு பத்து மணிக்குக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கித் தனியாக ஆட்டோவில் வருகிற பெண்ணையும் அப்படிச் சொல்லலாம் அல்லவா, மாமா?

பெரியப்பா: சொல்லவே கூடாதம்மா. வேலை முடிந்து வீடு திரும்புவதில் என்ன வம்பு இருக்கிறது? ‘ஷி ஆஸ்க்ட் ஃபார் இட்’ என்று சிலர் சொல்வதுண்டு. அது குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவள் தலையில் பழியைப் போடும் பேச்சு. கிராடாக்கின் கையில் அதிகாரம் இருந்தது, எச்சரிக்கையும் முன்பே கிடைத்தது. அதனால்தான் அவரைச் சொல்கிறோம், அவருடைய ஆணையைச் சுமந்த சிப்பாயைச் சொல்வதில்லை.

சித்தி: எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர், மொட்டை மாடியை ஒட்டி மின்கம்பி போவது தெரிந்தும், நீளமான இரும்புக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றுகிறார். மேஸ்திரி தடுத்தும் கேட்கவில்லை. அவரைச் சொல்லலாமா?

பெரியப்பா: தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அந்த வீட்டுக்காரரை மட்டும். கூலிக்காகக் கம்பி தூக்குகிறவரைச் சொல்லக் கூடாது. முதலில் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நித்யா: ‘கிராடாக் வாஸ் ஆஸ்கிங் ஃபார் எ டிரபுள்’ என்று எழுதினால் சரியா, பெரியப்பா?

பெரியப்பா: நடுவில் வரும் ‘எ’வை எடுத்துவிடு. இந்தத் தொடரில் ‘டிரபுள்’ அதை ஏற்காது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.