இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் நேரடி பியரிங் கேட்பது எப்படி?

தடம்24:
பல நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் இணையும் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் 10ஜி போர்ட் எடுத்து, ரூட் சர்வரோடு (பலருடைய ரூட்டையும் பொதுவாகப் பகிரும் சர்வர்) பிஜிபி செஷனும் (ரூட் பரிமாறும் இணைப்பு) ஏறிவிட்டது. ஆனால் அதிக டிராஃபிக் தரும் சில நெட்வொர்க்குகள் அங்கே ரூட் கொடுப்பதில்லை. நேரடி பியரிங் (இரண்டு நெட்வொர்க்குகள் தங்களுக்குள் டிராஃபிக் மாற்றிக்கொள்வது) வேண்டுமென்று அவர்களிடம் எப்படிக் கேட்பது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா?

நாரிழை:
பெரும்பாலும் காகிதமே இருக்காது. எக்ஸ்சேஞ்சுகளுக்கு உதவும் அமைப்பான பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் 2016-ல் எடுத்த கணக்கில் 99.9 சதவீதத்துக்கும் மேலான பியரிங், எழுத்து ஒப்பந்தம் இல்லாதவை.

முதலில் பியரிங்டிபியில் (நெட்வொர்க்குகள் தங்கள் பியரிங் விவரத்தைப் பதியும் பொதுத் தளம்) உங்கள் பதிவைச் சரிசெய்யுங்கள். பல நெட்வொர்க்குகளில் ஸ்கிரிப்ட்தான் அதைப் படித்து கான்ஃபிக் எழுதுகிறது. பழைய ஐபி கிடந்தால் செஷன் ஏறவே ஏறாது. பிறகு அவர்களுடைய கொள்கையைப் பாருங்கள். ஓப்பன் என்றால் ஒரு மெயில் போதும். செலக்டிவ் என்றால் குறைந்தபட்ச டிராஃபிக், எத்தனை இடங்களில் இணைய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். மெயிலில் ஏஎஸ் எண் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), எக்ஸ்சேஞ்ச் பெயர், ஐபிவி4, ஐபிவி6 முகவரிகள், ஏஎஸ்-செட் (உங்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் ஏஎஸ் எண் பட்டியல்), ப்ரீஃபிக்ஸ் (அறிவிக்கும் ஐபி முகவரித் தொகுதி) எண்ணிக்கை, டிராஃபிக் அளக்கும் நெட்ஃப்ளோவில் பார்த்த உச்ச நேர டிராஃபிக் எல்லாம் இருக்கட்டும். ஒற்றை வரியில் கேட்டால் பதில் வருவது அபூர்வம்.

வடிகட்டி:
செஷன் ஏற்றும் முன் எந்த ரூட் போகலாம், வரலாம் என்று ஃபில்டர் எழுதிவிடுங்கள், இதில் சமரசமே வேண்டாம். பியருக்கு உங்கள் ரூட்டும் உங்கள் வாடிக்கையாளர் ரூட்டும் மட்டும்தான் போக வேண்டும். டிரான்சிட்டில் (காசு கொடுத்து வாங்கும் முழு இணைய இணைப்பு) வந்த ரூட் கசிந்தால், பியர் ரூட்டுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் (ரூட்டர் தரும் முன்னுரிமை மதிப்பு) அதிகம் என்பதால் அவர்கள் டிராஃபிக் மொத்தமும் உங்கள் 10ஜி போர்ட்டில் வந்து இறங்கும். அவர்கள் மேக்ஸ்-ப்ரீஃபிக்ஸ் (ஏற்கும் ப்ரீஃபிக்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு) வைத்திருந்தால் செஷன் அறுந்துவிடும். பல ரூட்டர்களில் யாராவது கையால் கிளியர் செய்யும்வரை திரும்ப ஏறாது. பாலிசி எழுதாத ஈபிஜிபி செஷனில் (வேறு நெட்வொர்க்கோடு வைக்கும் பிஜிபி) ரூட் பரிமாறக் கூடாது என்று 2017-லேயே ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்லிவிட்டது. ஆனால் எல்லா ரூட்டரும் தானாக அப்படி நடப்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் லேனின் (உறுப்பினர்கள் எல்லோரும் இணைந்திருக்கும் உள் நெட்வொர்க்) ப்ரீஃபிக்ஸையும் வெளியே அறிவிக்காதீர்கள்.

தடம்24:
ஒருவரோடு செஷன் எஸ்டாப்ளிஷ்ட். ஆனால் டிராஃபிக் இன்னும் டிரான்சிட் வழியாகவே வருகிறது. அவர்களுக்கு ஒரே பெரிய ப்ரீஃபிக்ஸாக /22 மட்டும் அறிவித்திருக்கிறேன்.

வடிகட்டி:
டிரான்சிட்டுக்கு அதையே நான்கு /24-ஆக உடைத்துக் கொடுக்கிறீர்களா? நீளமான (/ எண் பெரிதான, சிறிய தொகுதி) ப்ரீஃபிக்ஸ்தான் முதலில் ஜெயிக்கும். லோக்கல் பிரிஃபரன்ஸ் ஒரே ப்ரீஃபிக்ஸுக்குள் நடக்கும் போட்டி. இரண்டு பக்கமும் ஒரே அளவில் அறிவியுங்கள்.

நாரிழை:
பியருக்கும் /24 கொடுப்பதானால் முதலில் ஆர்ஓஏவைப் (எந்த ஏஎஸ் எந்த ப்ரீஃபிக்ஸை அறிவிக்கலாம் என்ற கையொப்பமிட்ட பதிவு) பாருங்கள். அதில் அதிகபட்ச நீளம் 22 என்று இருந்தால் அந்த /24-கள் இன்வேலிட். ஆர்பிகேஐ (இந்தப் பதிவுகளை வைத்து ரூட்டைச் சரிபார்க்கும் முறை) சரிபார்க்கும் பியர் அவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார். உங்கள் பக்கம் செஷன் மட்டும் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.