மறு: மறு: ‘அளவுமீறிய பண்டம்’ – என் மாற்றுக் கருத்தும் நான்கு சொற்களும்

அன்புடையீர், வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். இணையச் சந்தைக் கிடங்குகள் ‘ஓவர்சைஸ்’ என்று தனியாகப் பிரிக்கும் பெரிய சாமானுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வியைக் கிளப்பியவனே நான்தான் என்பதால், எல்லாரும் சொல்லி முடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று சாயங்காலம் கடை முன்னே அஞ்சடியில் (கூரை போட்ட நடைபாதையில்) நடந்த கூத்துக்குப் பிறகு முடியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, இணையச் சந்தையில் விற்கும் இந்த ஊர்ச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதுகிறோம். சரக்கைச் சந்தைக்காரரின் கிடங்குக்கு முன்கூட்டியே அனுப்பி வைக்கும் முறை பற்றிய அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். ஊதுவத்தித் தட்டு, கைமணி மாதிரிச் சின்னச் சாமான்களுக்குச் சொல் பஞ்சமில்லை. பெரிய சாமான் என்று வந்ததும் தமிழ் தடுமாறுகிறது.

என் அண்ணன் மகன் சாமி மேடை செய்து விற்கிறான். மரச் சட்டம், பின்பலகை, மேலே சின்னக் கோபுரம். முழுசாகப் பூட்டி, குமிழித் தாள் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து அளந்தால் நீளம் 100, அகலம் 60, உயரம் 50 சென்டிமீட்டர். தராசில் 19 கிலோ. கிடங்கிலிருந்து வந்த கணக்கில் 66 கிலோ என்று இருந்தது. “பாறாங்கல்லையா வச்சேன் சித்தப்பா?” என்று பெட்டியைக் காலால் ஒரு தட்டு தட்டினான்.

கணக்கு தப்பில்லை. கொரியர்காரர்கள் பலரும் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 6000-ஆல் வகுப்பவர்களும் உண்டு. நம் பெட்டிக்கு 300,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 60 கிலோ. மிச்சம் ஆறு எங்கிருந்து வந்தது? குமிழித் தாளைத் திணித்துத் திணித்துப் பெட்டிக்கு வயிறு தள்ளியிருந்தது. நாங்கள் மூலைக்கு மூலை நாடா பிடித்தோம். அங்கே வயிற்றோடு அளந்தார்கள். 103, 62, 52. பெருக்கி வகுத்துப் பாருங்கள், 66.4 வரும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கையேட்டின் வரைவில் ‘ஓவர்சைஸ்’ என்பதற்கு, இங்கே முதலில் முன்மொழிந்தபடி, ‘அளவுமீறிய பண்டம்’ என்று போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு அண்ணன் மகன் கேட்டான்: “நான் எதை மீறினேன்?”

என்னிடம் பதில் இல்லை. ‘மீறு’ என்றாலே குற்றம்தான். சிவப்பு விளக்கை மீறுவார்கள், பேச்சை மீறுவார்கள். சாமி மேடை எந்த விதியையும் மீறவில்லை. அது பிறந்ததே அந்த அளவில்தான். கிடங்குக்காரர் அதை வேறு அடுக்கில் வைக்கிறார், வேறு கட்டணம் வாங்குகிறார், அவ்வளவுதான். இத்தனைக்கும் அமேசானே அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் ‘ஓவர்சைஸ்’ வகைகளைக் கைவிட்டு ‘பல்க்கி’ என்றும் ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ என்றும் பெயர் மாற்றிவிட்டது. அவர்களே விட்டுவிட்ட சொல்லை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

மதுரைப் பேராசிரியர் ஐயா சொன்ன ‘பெருவெட்டு’ (பெரிய அளவு) எனக்கு மிகவும் பிடித்த சொல். சந்தை வாசனை உள்ள சொல். ஆனால் ஐயா, இங்கே ‘வெட்டு’ என்றால் பால்வெட்டு, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ‘பெருவெட்டுச் சாமான்’ என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கத்தி எவ்வளவு பெரிசு என்று கேட்பார்கள். நான் முன்வைப்பது ‘பருஞ்சரக்கு’. பருமனான சரக்கு. குற்றம் சாட்டாது; பெட்டியைப் பார்த்ததும் கண் சொல்வதையே சொல்லும். பால்மரம் (ரப்பர் மரம்), செம்பனை எல்லாம் இப்படிக் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள்தானே. தமிழ்நாட்டில் ‘எண்ணெய்ப் பனை’ என்று எழுதுகிறார்கள். இங்கே பழத்தின் நிறத்தைப் பார்த்துச் செம்பனை என்றார்கள், தீர்ந்தது.

‘வால்யூமெட்ரிக் வெயிட்’, மேலே பெருக்கி வகுத்துக் கண்ட அந்த எடை – இதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட இடம். ‘கன எடை’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் புத்தகத்துக் ‘கன அளவு’ இருக்கிறதே என்ற நியாயம் புரிகிறது. ஆனால் பேச்சில் ‘கனம்’ என்றால் பாரம். ‘கன எடை’ என்று சொன்னால் பாரமான எடை என்றுதான் காதில் விழும். இந்தப் பெட்டியின் வம்பே அது பாரம் இல்லை என்பதுதானே!

ஆகுபெயர் பாடத்தில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நாலு அளவை படித்தோம். இங்கே நடப்பது என்ன? நீட்டி அளந்து, முகத்தலாக்கி, அதை எடுத்தல் என்று எழுதிப் பணம் வாங்குகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுசா? என் அம்மா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்கத் தோட்டத்து ஸ்டோருக்குப் பால் கொண்டு போவார். அங்கே பாலை அளந்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கணக்குப் போடுவார். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வாளி நிறையப் பால், ஏட்டில் கொஞ்சம் எடை. அம்மாவின் வாளியை நிறுத்துப் பார்க்கவே இல்லை. எடை கணக்கிலிருந்து வந்தது. அன்றைக்குப் பருமனைக் குறைத்து எடையாக்கினார்கள், இன்றைக்கு ஏற்றி எடையாக்குகிறார்கள். அம்மா இருந்திருந்தால் இந்த 66 கிலோவைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

சொல் எனக்கு லாரிக்காரரிடமிருந்து கிடைத்தது. பெட்டியை ஏற்றும்போது, “கனமே இல்லண்ணே, ஆனா எடத்த அடைக்குது” என்றார். அடைக்கிற இடத்துக்குப் போடும் எடை: ‘இட எடை’. தராசு காட்டுவது ‘தராசு எடை’. இரண்டில் எது கூடுதலோ அது ‘கட்டண எடை’. இந்த மூன்றையும் நம் வியாபாரிகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவர்கள்கூட ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒருவர், மேடையைக் கழற்றித் தட்டையாக அடுக்கினால் என்ன என்று அவராகவே கேட்டார். உயரம் 15-க்கு இறங்கினால் இட எடை 18. தராசு எடை 19 என்பதால் 19-க்குத்தான் கட்டணம். இப்படியும் அப்படியும் மேடை ஒன்றேதான். வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்ள எட்டுத் திருகாணி போட்டு ஒரு தாள் வைக்க வேண்டும், அது வேறு வேலை.

பாரச் சரக்குக்கு ஒட்டும் சீட்டு அடுத்தது. அமேசானின் அமெரிக்கக் கிடங்குகளுக்குப் போகும் பெட்டி, ஒற்றைப் பொருளாலேயே 50 பவுண்டைத் தாண்டினால், அதாவது 22.7 கிலோ, ‘டீம் லிஃப்ட்’ (ஒருவருக்கு மேல் சேர்ந்து தூக்கு) என்று மேலேயும் பக்கங்களிலும் ஒட்டச் சொல்கிறார்கள். 100 பவுண்டைத் தாண்டினால் இயந்திரத்தால் தூக்கச் சொல்லும் சீட்டு. ‘குழுத் தூக்கல்’ என்றார் ஒருவர். அதைச் சுருக்கி ‘இருவர் தூக்கு’ என்றார் இன்னொருவர். ஐயா, ‘இருவர் தூக்கு’ என்று பெட்டியில் ஒட்டினால் காலைப் பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது! அதோடு ‘ஃபுல்ஃபில்மென்ட் சென்டர்’ எனப்படும் கிடங்குக்கு ‘நிறைவேற்ற மையம்’ என்று வைத்த பெயரையும் சேர்த்துப் படியுங்கள். நிறைவேற்ற மையத்தில் இருவர் தூக்கு. சாமி மேடையை அங்கே அனுப்ப எனக்கே பயமாக இருக்கிறது.

நம்மிடம் கைச்சுமை, தலைச்சுமை, வண்டிச்சுமை என்று ஏற்கெனவே வரிசை இருக்கிறது. ‘இருவர் சுமை’, அதற்கு மேல் ‘பொறிச்சுமை’ என்று நீட்டினால் போதும். சுமையை ஆளை வைத்து அளப்பது இந்த நாட்டுக்கும் பழக்கம்தான். பிக்குல் என்றால் மலாயில் தோளில் சுமப்பது. பழைய எடை அளவில் ஒரு பிக்குல் ஏறக்குறைய 60 கிலோ. எங்கள் பெட்டியின் இட எடை சரியாக அங்கே வந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

கிடங்குக்கு ‘அனுப்புக் கிடங்கு’ போதும். வாதாட மனமில்லை.

– சுங்கை சிப்புட்டிலிருந்து

---

மறு: பருஞ்சரக்கு

வணக்கம் ஐயா. தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ‘இட எடை’யும் ‘இருவர் சுமை’யும் அருமை. ‘பருஞ்சரக்கு’தான் உறுத்துகிறது. ‘பரு’ என்றதும் என் மாணவர்கள் கன்னத்தைத் தடவுவார்கள். பேச்சில் அது ‘பெருஞ்சரக்கு’ என்று மாறிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

---

மறு: மறு: பருஞ்சரக்கு

கோவையிலிருந்து ஒரு எச்சரிக்கை. இங்கே இளைஞர்களிடம் ‘சரக்கு’ என்றால் பாட்டில். ‘பருஞ்சரக்கு வந்துவிட்டது’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் நாலு பேர் குடத்தோடு வந்து நிற்பார்கள். மேலும், ‘கிடங்கு’ ஏன்? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்கள் ‘கிட்டங்கி’ என்று வைத்திருந்தார்களே, அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

---

மறு: மறு: மறு: பருஞ்சரக்கு

ஆசிரியை அம்மாவுக்கு: ‘பெருஞ்சரக்கு’ என்று மாறினால் மாறட்டும் அம்மா. பொருள் கெடவில்லையே. வாய் மாற்றிக்கொள்ளும் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் அச்சில் ‘பரு’தான்; பருமன் தெரிய வேண்டும்.

கோவைத் தம்பிக்கு: சரக்கு ரயிலைப் பார்த்து அங்கே யாரும் குடம் தூக்குவதில்லையே! கிட்டங்கி இங்கே வட்டிக்கடையும் தங்கும் இடமும் சேர்ந்த நினைவு. பெட்டி அனுப்பச் சொன்னால் எங்கள் தாத்தாக்கள் அடகுச் சீட்டைத் தேடுவார்கள். மலாய்க்காரர்களின் ‘குடாங்’ நம் கிடங்கோடு உறவு கொண்டாடும் சொல், அது இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது. கிடங்கே இருக்கட்டும்.

‘இருவர் சுமை’ச் சீட்டு நூறு அச்சடித்தாயிற்று, இனி மாற்ற முடியாது. மற்றவை வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும். இன்று காலை போன பெட்டியில் அண்ணன் மகன் மார்க்கர் பேனாவால் எழுதியது: ‘பருஞ்சரக்கு. தராசு எடை 19. இட எடை 18.’ வயிறு தள்ளாமல் இருக்க நாலு பக்கமும் பட்டை இழுத்துக் கட்டியிருக்கிறான்.