கடல் பார்க்கப் போன இடத்தில் கேட்ட ஆர்கன்

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலின் விளக்கு அலங்காரத்தைப் பற்றிப் பலரும் இங்கே எழுதிவிட்டீர்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு மழை நாள்.

மான்செஸ்டரிலிருந்து கடல் பார்க்கத்தான் போனேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே காற்றில் குடை திருப்பிக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி, ஊரின் அடையாளமான பிளாக்பூல் டவர் என்ற கோபுரத்தின் நடன அரங்கத்துக்குள் நுழைந்தேன், டிக்கெட் விலைக்கு முனகியபடியே. அண்ணாந்து பார்த்ததும் முனகல் நின்றது. எங்கும் தங்க வேலைப்பாடு, கூரை முழுக்க ஓவியம். டவர் 1894-இல் திறந்தது. ஃபிராங்க் மேச்சம் வடிவமைத்த இந்த அரங்கம் 1899-இல். மேடைக்கு அடியிலிருந்து வுர்லிட்சர் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியின் வாசிப்புப் பலகை மேலே எழும்பி வந்தது, வாசிப்பவரோடு சேர்த்து!

என் மேசையில் இடம் கேட்டு உட்கார்ந்த பெரியவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். மான்செஸ்டர் பக்கத்து ஊரான ஓல்டாமில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். "வருஷத்தில் ஒரு வாரம் எங்கள் ஊர் மில்லெல்லாம் ஒன்றாக மூடும். தெருவே கிளம்பி இங்கே வந்துவிடும். யார் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று வந்தோமோ, அவரே பக்கத்து நாற்காலியில் இருப்பார்" என்று சிரித்தார். வேக்ஸ் வாரம் என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஊர் வாரம் மாறும். ஓர் ஊர் மூட்டை கட்டினால் இன்னோர் ஊர் வந்து இறங்கும். அதனால்தான் ஒரே நிகழ்ச்சியைக் கோடை முழுக்க நடத்த முடிந்திருக்கிறது. நகைச்சுவைக் கலைஞருக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா? ஜோக்கை மாற்றவே வேண்டாம், கூட்டம் தானாக மாறிவிடும்.

அப்புறம் மில்கள் நிரந்தரமாகவே மூடின, ஸ்பெயினுக்கு மலிவாக விமானமும் வந்தது. அந்தக் கூட்டம் குறைந்துபோனது.

1930 முதல் 1970 வரை இங்கே ஆர்கன் வாசித்த ரெஜினால்ட் டிக்சனைச் சிறுவனாக நேரில் கேட்டவராம் அந்தப் பெரியவர். "இன்றைக்கு வாசிக்கிறவர் எப்படி?" என்றேன். "நன்றாகத்தான் வாசிக்கிறார்" என்று சொல்லிவிட்டு டீயைக் கலக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

மழை விட்டு வெளியே வந்தால் கடல் வற்றி எங்கோ போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஈர மணல், நடுவே, கடலுக்குள் நீளும் பியர் என்ற நடைமேடையின் இரும்புக் கால்கள்.

*

இன்னொருவரின் பதில்: கடற்கரைப் பொழுதுபோக்கு என்றால், வேல்ஸில் உள்ள லாண்டுட்னோ என்ற கடற்கரை ஊருக்குப் போனால் கடற்கரைச் சாலையில் பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம் பாருங்கள். காட்மன் குடும்பம் 1860-இலிருந்து நடத்துகிறது. பஞ்ச் என்ற பொம்மையின் கீச்சுக்குரலுக்கு நாக்கின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொள்வார்கள். என் மகள் அதில் வரும் முதலைப் பொம்மையைப் பார்த்து அலறியதில் ஐஸ்கிரீம் என் சட்டையில்.