ஹோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தும் ஃபயர்ஃபாக்ஸ் காலி, எஸ்எஸ்எச் சாவியும் வேலை செய்யவில்லை

கேள்வி:
உபுண்டு 22.04-இலிருந்து இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்டுக்கு மாறினேன். என் சொந்த ஃபைல்கள் இருக்கும் பழைய ஹோம் ஃபோல்டரை, புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களோடு சேர்த்து, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த வெளி டிஸ்க் வழியாகக் கொண்டுவந்து போட்டாயிற்று. படங்கள், ஆவணங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க் ஒன்றுகூட இல்லை, எஸ்எஸ்எச்சோ (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல்) சாவி ஃபைலின் அனுமதி ரொம்பத் திறந்திருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. பழைய எஸ்எஸ்டி கையில் இருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.

பதில் 1:
அழிக்காதீர்கள், அதுதான் முக்கியம். எக்ஸ்ஃபேட்டுக்கு லினக்ஸ் அனுமதிகளும் தெரியாது, சிம்லிங்கும் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) தெரியாது, அதனால் அங்கே போய்த் திரும்பும் ஒவ்வொரு ஃபைலும் எல்லாரும் படிக்கலாம் என்ற நிலையில்தான் வரும். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ளே இருக்கும் தனிச்சாவிக்கு 600, அதாவது உங்களுக்கு மட்டும் அனுமதி, என்று சிமாட் கட்டளை கொடுங்கள், உடனே சரியாகும். குறியாக்கத்துக்கான ஜிபிஜி சாவிகள் வைத்திருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

பதில் 2:
ஃபயர்ஃபாக்ஸ் கதை வேறு. உபுண்டு 22.04-இல் அது ஸ்னாப் என்ற பொதி வகையாக வருகிறது, ப்ரொஃபைல் (புக்மார்க், அமைப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) ஹோமுக்குள் ஸ்னாப், ஃபயர்ஃபாக்ஸ், காமன் என்று மூன்று ஃபோல்டர் தாண்டி உள்ளே இருக்கும். மின்டில் இருப்பது டெப் என்ற வேறு வகைப் பொதி, அது வழக்கமாக ஹோமிலேயே உள்ள புள்ளி மொஸில்லா ஃபோல்டரில்தான் தேடும். ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அந்த ப்ரொஃபைலை அங்கே நகலெடுங்கள், அப்புறம் முகவரிப் பட்டையில் அபவுட் ப்ரொஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்து, புது ப்ரொஃபைல் ஒன்றுக்கு அந்த ஃபோல்டரைக் காட்டி அதையே இயல்பாக்குங்கள். வெறுமனே நகலெடுத்தால் போதாது. இன்னொன்று, பழையதில் இருந்த பதிப்பு இதைவிடப் புதியது என்றால் ப்ரொஃபைலை ஏற்காது, முதலில் மின்டை அப்டேட் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
ரெண்டும் வேலை செய்தது, நன்றி! சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் மட்டும் எங்கே போயின?

பதில் 1:
அவை ஹோமில் இருக்காது. சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரில் நெட்வொர்க்மேனேஜருக்குக் கீழே சிஸ்டம் கனெக்ஷன்ஸ் என்று இருக்கும். பழைய எஸ்எஸ்டியை மவுண்ட் செய்து சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) நேரடியாக நகலெடுங்கள், வெளி டிஸ்க் வேண்டாம். உரிமையாளர் ரூட் (நிர்வாகி), அனுமதி 600 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதற்காக ஈடிசியை முழுசாக அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! பூட்டில் எந்தப் பார்ட்டிஷன்களை இணைப்பது என்று சொல்லும் பழைய எஃப்எஸ்டேப் ஃபைல் வந்தால் அதிலுள்ள யுயுஐடி (அடையாள எண்) எல்லாம் பழைய பார்ட்டிஷனுடையவை, அடுத்த பூட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பதில் 3:
எஸ்எஸ்டி கையில் இருக்கிறதே, ஹோமையும் அதிலிருந்தே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் மைனஸ் ஏ கொடுத்து எடுங்கள், அனுமதி, நேரம், சிம்லிங்க் எல்லாம் அப்படியே வரும். தற்காலிக ஃபைல்கள் இருக்கும் கேஷ் ஃபோல்டரை விட்டுவிடலாம், வெறும் சுமை. டெஸ்க்டாப் அமைப்புகளையும் கொண்டுவர வேண்டாம், உபுண்டுவில் இருப்பது க்னோம் டெஸ்க்டாப், மின்டில் சின்னமன் என்றால் அவை பெரும்பாலும் பொருந்தாது.